ஏரிக்கரையில் வெள்ளைக் கேன்

எனக்குப் பயம் அதிகம். இதை மேடையில் சொன்னால் அடக்கம் என்று நினைத்துக் கைதட்டுகிறார்கள். போன மாதம் சென்னையில் ஒரு விழா எடுத்து, 'பலபடி வேதியியலின் முன்னோடி முனைவர் அருள்மொழி' என்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அறிமுகம் செய்த பிள்ளை, 'அஞ்சா நெஞ்சம் கொண்டவர்' என்று மைக்கில் முழங்கியது. எனக்கு எரிச்சலாக வந்தது. அஞ்சா நெஞ்சக்காரர்கள் எல்லாம் எங்கள் துறையில் கண் போய், விரல் போய் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார்கள். முழு உடம்போடு ஓய்வு பெற்றவள் நான். காரணம் பயம்.

நான் செய்த வேலை இதுதான். சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு நீளச் சங்கிலியாகிவிட்டால் அது பலபடி. பிளாஸ்டிக் வாளி, ரப்பர் செருப்பு, நாம் தின்கிற மரவள்ளி மாவு எல்லாமே பலபடிதான். மரவள்ளி மாவின் சங்கிலியில் அக்ரிலிக் அமிலம் என்கிற திரவத்தின் சங்கிலியை நான் ஒட்டவைத்தேன். அதிலிருந்து கிடைக்கும் தூளைத் தண்ணீரில் போட்டால் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்துவிட்டு, ஜவ்வரிசி வெந்தது மாதிரி உப்பி உட்கார்ந்துகொள்ளும். வேரடியில் கொஞ்சம் வைத்தால் மழை ஏமாற்றினாலும் செடி தாக்குப்பிடிக்கும். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் அதற்குத் 'தண்ணி ஜவ்வரிசி' என்றே பெயர். என் காப்புரிமையில் உள்ள நீளப் பெயரைவிட அது எவ்வளவோ மேல்.

இந்த யோசனை புத்தகத்திலிருந்து வரவில்லை. என் அம்மா இருசம்மாள், களமருதூரில் சுப்புராயன் என்கிறவருடைய மிளகாய் நாற்றுக்குக் கோடை முழுக்கக் குடத்தில் தண்ணீர் சுமந்தவள். ஊற்றின தண்ணீர் அம்மா திரும்பிக் கிணற்றுக்குப் போவதற்குள் மண்ணுக்குள் போய்விடும். அப்பா பழனி அதே சுப்புராயனிடம் பண்ணையாள். எங்கள் வீடு ஊருக்கு வெளியே காலனியில். ஊருக்குள் போனால் யாராவது ஒருத்தர், "யாரு வூட்டுப் பொண்ணு?" என்று கேட்பார்கள். சாதாரணக் கேள்வி. அந்தக் கேள்வி வந்ததும் அப்பாவின் கை தானாகத் தோள் துண்டை இறக்கிவிடும். ஒரு தடவை துண்டை இறக்கச் சற்றுத் தாமதித்ததற்கு அப்பா வாங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்றைக்கு வயிற்றில் இறங்கிய பயம் இன்றுவரை வெளியே வரவில்லை.

அரசு நல விடுதியில் தங்கிப் படித்தேன். ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், உதவித்தொகை, முனைவர் பட்டம், சென்னையில் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. அங்கே யாரும் முகத்துக்கு நேரே கேட்கமாட்டார்கள். "சொந்த ஊர் எது?" என்பார்கள். சொன்னால், "அங்கே எந்தத் தெரு?" என்பார்கள். எனக்கு உடனே அடுப்பில் ஏதோ காய்கிறது என்று ஞாபகம் வந்துவிடும், ஓடிவிடுவேன்.

எண்பத்தேழாம் வருஷம் செப்டம்பரில் முதல் முறையாகத் தண்ணி ஜவ்வரிசியை மூட்டைக்கணக்கில் செய்ய ஏற்பாடானது. கள்ளக்குறிச்சிக்கு அந்தப்பக்கம் மலையடிவாரத்தில் ஒரு மரவள்ளி மாவு ஆலையில் வேலை. மாவு அங்கே தயாராக இருந்தது. அமிலத்தை நான் கொண்டுபோக வேண்டும். சிக்கல் அந்த அமிலத்தில்தான்.

அக்ரிலிக் அமிலம் சும்மா இருக்கிற சரக்கு இல்லை. விட்டால் தனக்குத்தானே கைகோர்க்கத் தொடங்கிவிடும். கைகோர்க்கும்போது சூடு வரும். சூடு வந்தால் இன்னும் வேகமாகக் கைகோர்க்கும். கடைசியில் கொதித்துப் பீய்ச்சிக்கொண்டு வெடிக்கும். அதனால் விற்கிறவர்கள் அதில் தடுப்பான் என்று ஒரு மருந்தைச் சிட்டிகை போட்டே விற்பார்கள். அந்த மருந்து இருந்தால் என் தூள் சரியாக வராது. வடித்து எடுத்து, தடுப்பானை நீக்கி, உடனே பயன்படுத்துவதுதான் எங்கள் வழக்கம். மாவு ஆலையில் வடிக்கிற சாதனம் கிடையாது. எனவே சென்னையிலேயே வடித்து, இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் கேன்களில் ஊற்றி, கட்டியாக உறையவைத்து, மரப்பெட்டியில் ஐஸும் உமியும் போட்டு ஜீப்பில் ஏற்றினேன். கட்டியாக இருக்கும்வரை அது சாது. அரை லிட்டர் பாட்டில் ஒன்று வெடித்துக் கூரை மின்விசிறியின் இறக்கையை வளைத்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கேன்கள் ஒவ்வொன்றும் பத்து லிட்டர்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் தென்னாற்காட்டிலும் சுற்று மாவட்டங்களிலும் ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். மறுநாள்தான் ஆரம்பம், இன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கிளம்பினோம். மரங்கள் முந்தின நாளே விழத் தொடங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இத்தனை பயந்தவளுக்கு இது தோன்றாமல் போனதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே கோபம் வருகிறது.

ஜீப் ஓட்டியவர் வேடியப்பன். வெள்ளிமலைக்காரர். கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு இருந்த சின்னக் கள அலுவலகத்தின் டிரைவர். உளுந்தூர்பேட்டை தாண்டி, தியாகதுருகத்துக் கோட்டை மலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பிரேக் போட்டார். சாலைக்குக் குறுக்கே ஒரு பெரிய புளியமரம் விழுந்து கிடந்தது. திருப்பலாம் என்று பின்னால் பார்த்தால், நாங்கள் கடந்துவந்த வளைவில் இன்னொரு மரம் சரிந்துகொண்டிருந்தது. கோடாரிகளோடு ஆட்கள் இரண்டு பக்கமும் ஓடிவந்தார்கள்.

முன்னால் வந்தவன் தீனதயாளன். பெயரைப் பிறகு மற்றவர்கள் கூப்பிட்டுத் தெரிந்துகொண்டேன். கல்லூரி முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருக்கிற வயசு. வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எந்த ஊரு?"

"வெள்ளிமலைங்க," என்றார் வேடியப்பன்.

"மலக்காரனா? சரி, ஓரமா நில்லு. அம்மா எந்த ஊருங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் வேடியப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. "அம்மா நம்ம பக்கந்தாங்க, களமருதூரு. மெட்ராஸ்ல பெரிய விஞ்ஞானி."

"களமருதூரா? அங்க யாரு வூடு?"

சென்னையிலிருந்து இத்தனை தூரம் கேன்களைப் பார்த்துப் பார்த்து வந்தவளுக்கு, கேன் மறந்துபோனது. ஜீப்பைச் சுற்றி முப்பது பேர் இருக்கலாம். ஒவ்வொருவர் கையிலும் இரும்பு. ஊருக்கும் காலனிக்கும் எந்த நேரத்தில் மூளும் என்று தெரியாமல் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உறவுக்காரர் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருப்பதை வழியெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தோம்.

"சுப்புராயன் வூடு," என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. "கேள்விப்பட்டுகிறேங்க! நெலம் நீச்சு உள்ள வூடு. நம்ம ஜனத்துப் பொண்ணு விஞ்ஞானியா? டேய், அக்காவுக்கு மோரு கொண்டாடா. சுப்புராயன் மாமா நல்லாக்கீறாரா?"

"நல்லா இருக்கார்."

மோர் வந்தது. குடித்தேன். அவர்கள் கேட்டதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். படிப்பும் வேலையும் கேட்டார்கள். எனக்குக் கிடைத்ததைத்தான் அவர்களும் கேட்டார்கள். நியாயமான கோரிக்கை. ஆனால் நியாயமான கோரிக்கை உள்ளவன் கையில் இருக்கிற கோடாரியும் கோடாரிதான்.

"அக்கா, உங்கள உட ஆசதான். ஆனா இங்கேர்ந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் மரமாத்தான் கெடக்குது. நாங்களே நெனச்சாலும் வண்டி போவாது," என்றான் தீனதயாளன். பின்பக்கம் எட்டிப் பார்த்தான். "கேன்ல இன்னா, மண்ணெண்ணையா?"

"இல்ல. ஆராய்ச்சி மருந்து. ஒரு வகை ஆசிட். ஐஸ்லயே இருக்கணும். சூடானா வெடிக்கும்."

ஒருவன் மூடியருகே மூக்கை வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "ஆசிட்டுதாண்டா. காடி மாறி நெடி."

ஆசிட் என்ற சொல்லை அவர்கள் காதில் போட்டிருக்கக் கூடாது. வேதியியல்காரிக்குச் சரியான பெயர் சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

கூட்டம் மரத்தடிக்கு நகர்ந்ததும் பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தேன். ஐஸ் பாதிக்கு மேல் போய்விட்டது. பெட்டியிலிருந்து தண்ணீர் ஒழுகித் தார்ச்சாலையில் விழுந்த உடனே காய்ந்தது. கேனை லேசாக ஆட்டினேன். உள்ளே கட்டி இடம் பெயர்ந்து சுவரில் முட்டியது. உருக ஆரம்பித்துவிட்டது. இனி வெயில்தான் எஜமான். கீழே கொட்டிவிடலாம் என்றால், கட்டியைக் கேனின் சின்ன வாய் வழியாகக் கொட்ட முடியாது. கொட்டுகிற அளவுக்கு உருகும்வரை காத்திருந்தால், அதற்குள் அது தன் வேலையைத் தொடங்கிவிடும். சுற்றிலும் மனிதர்கள். வேடியப்பன் ஜீப் நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைக்கப் போனார். "ஐயோ, வேணாம்" என்று கத்திவிட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அப்போதுதான் அந்த ஆளைப் பார்த்தேன். கழுத்தில் கேமராவோடு, விழுந்த மரத்தின் மேல் நின்றவர்களை வரிசைப்படுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நடுத்தர வயது. தனசேகரன் என்று கூப்பிட்டார்கள். அவர் நகங்கள் எல்லாம் பழுப்பு. வெற்றிலைப் பழுப்பு இல்லை அது. படம் கழுவுகிறவனின் நகம். படம் கழுவுகிற மருந்தில் ஹைட்ரோகுயினோன் இருக்கும். அது காகிதத்தில் உருவத்தை எழுப்பும். அதே பொடியை அக்ரிலிக் அமிலத்தில் போட்டால் கைகோர்ப்பு நின்றுவிடும். சென்னையில் நான் பாடுபட்டு நீக்கிய தடுப்பானின் அண்ணன் முறை அது.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துவிட்டேன். "உங்க ஸ்டூடியோல ஹைட்ரோகுயினோன் இருக்கா?"

அவர் மிரண்டார். "ஹைட்ரோவா? இருக்குதுங்க. எதுக்கு?"

"கொஞ்சம் குடுங்க. உயிர் போற அவசரம்."

தீனதயாளன் தலையாட்டினான். "அக்காவ கூட்டிக்கினு போய்ட்டு வா." வேடியப்பனிடம், பெட்டியை யாரையும் தொடவிடக் கூடாது என்று சொல்லிவிட்டு, சேலை முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, தனசேகரனின் சைக்கிள் பின்னால் உட்கார்ந்தேன். வரப்பு வழியாகப் போனோம். கடைத்தெரு முழுக்க அடைத்திருந்தது. எங்கேயோ ஒரு பெண் பெருங்குரலில் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஸ்டூடியோவின் கதவைப் பாதி தூக்கி, உள்ளே குனிந்து நுழைந்து, மறுபடி இறக்கிவிட்டார். இருட்டறைக்குள் விளக்கைப் போட்டார். தகர டப்பாக்களைத் தேடிக்கொண்டே, முகம் திருப்பாமல் சொன்னார்.

"சுப்புராயன் செத்து வருஷம் திரும்பப் போவுதுங்க. கருமாதிக்குப் படம் எடுத்தது நான்தான்."

கதவு மூடியிருந்தது. கத்தினால் வருகிறவர்கள் யாரென்று எனக்குத் தெரியும்.

"அவருக்குப் பொண்ணே கெடையாது. மூணும் பசங்க. மூணு கல்யாணமும் நான் எடுத்ததுதான்." டப்பாக்களை மேசையில் வைத்தார். கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "நீங்க யாருன்னு எனக்குத் தெரிய வேணாம்மா. சொல்லாதீங்க. நான் கடை வச்சிப் பொழைக்கிறவன். நாளைக்கு இவனுங்க மூஞ்சிலதான் முழிக்கணும். எது வேணுமோ எடுத்துக்கினு போயிடுங்க."

அவருக்கும் பயம். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. டப்பாக்களில் ஒன்றிலும் பெயர்ச்சீட்டு இல்லை, இருந்த பதற்றத்தில் எது எது என்று அவருக்கே நிச்சயமில்லை. எல்லாம் வெள்ளைப் பொடி. தவறான பொடியைப் போட்டால் அமிலம் நுரைத்துக்கொண்டு பொங்கும். மூன்று கண்ணாடித் தட்டில் தண்ணீர் ஊற்றி, தட்டு கழுவ அவர் வைத்திருந்த சலவை சோடா கொஞ்சம் போட்டு, ஒவ்வொரு பொடியிலும் ஒரு சிட்டிகை தூவிக் கலக்கினேன். கடைசித் தட்டுத் தண்ணீர் என் கண் முன்னால் பழுப்பாக மாறியது. அந்த டப்பாவை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். பணம் கொடுக்கவும் மறந்துவிட்டேன். அவரும் கேட்கவில்லை. வந்த வரப்பிலேயே திரும்ப ஏற்றிப்போய், ஜீப் தெரிகிற தூரத்தில் என்னை இறக்கிவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டார்.

ஜீப்பருகே கூட்டம் இல்லை. வேடியப்பன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு கிழிந்து ரத்தம். பெட்டி திறந்து கிடந்தது. ஒரு கேன்தான் இருந்தது.

"தூக்கிக்கினு பூட்டானுங்கம்மா," என்றார். "அம்மா சொல்லிக்கிறாங்க, தொடாதீங்கன்னேன். 'நம்ம ஜனத்துப் பொண்ணு கொண்டாந்தது நமக்குத்தான்டா'ன்னு ஒருத்தன் சொன்னான். இன்னொருத்தன் வாயிலயே குத்தனான்."

"எங்க போனாங்க?"

"ஏரிக்கரப் பக்கம். காலனிக்கு."

நான் சொன்ன பொய்யின் வாலைப் பிடித்துக்கொண்டு கேன் போய்விட்டது. சுப்புராயன் வீட்டுப் பெண்ணாக நான் ஆகியிருக்காவிட்டால் அந்தக் கேன் அவர்களுடையதாகவும் ஆகியிருக்காது.

இருந்த கேனில் ஒரு கை பொடியைப் போட்டு, மூடியைத் திருகி, உருட்டிக் குலுக்கினேன். அது அடங்கிவிட்டது. அடுத்ததற்குப் போக வேண்டும். ஆனால் போகாவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. குடிசைகளைக் கொளுத்தவும், தப்பி ஓடுகிறவர்கள் மேல் ஆசிட் ஊற்றவும்தானே தூக்கிக்கொண்டு போகிறார்கள்? நெருப்பின் பக்கத்தில் வைப்பார்கள். அது கொதிக்கும். தூக்கினவன் கையிலேயே வெடிக்கும். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை, இந்த ஜீப் நிழலில் உட்கார்ந்திருந்தால் போதும். அப்பா வாங்கிய அடியெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தது. நல்ல நினைப்பு என்று இன்றைக்கு நான் சொல்லமாட்டேன். அன்றைக்கு அது எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

அப்புறம் தீனதயாளன் முகம் வந்தது. 'விஞ்ஞானியா?' என்று கேட்டபோது அந்தப் பையன் கண்ணில் இருந்த சந்தோஷம். அந்த முகத்தில் கொதிக்கிற அமிலம் விழுவதை நினைத்தேன். நான் வடித்த அமிலம். டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். தைரியம் வந்து ஓடவில்லை. நிற்கிற பயத்தைவிட ஓடுகிற பயம் கொஞ்சம் கம்மியாக இருந்தது, அவ்வளவுதான்.

ஏரியில் தண்ணீர் இல்லை. கரைமேல் பாதை. பாதை முடிகிற இடத்தில் காலனியின் முதல் கூரை. கரையிலேயே பத்துப் பதினைந்து பேர் நின்று கழிகளில் பழந்துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். பனையோலைக் குவியல் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு எட்டிப்பிடிக்கிற தூரத்தில் என் வெள்ளைக் கேன்.

"தீனதயாளா! அத நெருப்புகிட்டேர்ந்து எடு!"

திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "வாங்கக்கா. நீங்க ஏன் இங்கல்லாம் வந்துக்கினு? அந்தப் பக்கம் போங்க."

"அது சும்மா ஆசிட் இல்ல. சூடானா வெடிக்கும். எல்லாரும் செத்துப்போவீங்க. தள்ளிப் போங்க."

"அக்காவுக்கு மருந்து வீணாப்பூடும்னு வருத்தம்," என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். "கவர்மெண்டு மருந்துதானக்கா, எழுதிக் குடுத்தா வேற தருவான்," என்றான் இன்னொருவன்.

நான் விளக்கினேன். ஆமாம், அந்த ஏரிக்கரையில் நின்று மூலக்கூறு கைகோர்ப்பதைப் பற்றி விளக்கினேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது இப்போது. சொந்தக்காரப் பெண் பயந்துபோய் உளறுகிறாள் என்கிற அன்போடு கேட்டார்கள். ஒருவன் குனிந்து கேனின் பிடியில் கைவைத்து, "சூடாத்தான்டா கீது," என்றான். அது சூடாகிவிட்டது. அவர்கள் நம்புவதற்கு என்னிடம் ஒரே ஒரு உண்மைதான் பாக்கி இருந்தது. வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லாமல் இருக்கத்தான் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

"நான் சுப்புராயன் வூடு இல்ல," என்றேன். "களமருதூர் காலனி. பண்ணையாள் பழனி மக. அந்தக் கேன் நான் கொண்டுவந்தது. வெடிக்கும்."

பிடியிலிருந்த கை நெருப்புச் சுட்டது போல் விலகியது. ஒருவன் பின்னால் நகர்ந்தான். பிறகு எல்லோரும் நகர்ந்தார்கள், பிறகு ஓடினார்கள். கழி ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது.

"குண்டுடா! காலனிக்காரி குண்டு கொண்டாந்துக்கிறாடா!"

சுப்புராயன் வீட்டுப் பெண் சொன்னபோது அறிவியல். காலனிக்காரி சொன்னதும் வெடிகுண்டு. சொன்னது அதே வார்த்தை.

கரை காலியானது. கேனிடம் போனேன். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி இருந்தது அதன் பக்கம். நெருப்பிலிருந்து இழுத்தேன். மூடியைத் திருகும்போது விரல் வழுக்கியது. உள்ளே கட்டி இன்னும் எலுமிச்சை அளவுக்குக் கிடந்தது. டப்பாவில் மிச்சமிருந்த பொடி முழுவதையும் கொட்டினேன். மூடி, தரையில் படுக்கவைத்து, முன்னும் பின்னும் உருட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு உருட்டினேன். ஓடியிருக்க வேண்டும். சூடு ஏறினால் ஓடலாம் என்று உள்ளங்கையைக் கேன் மேலேயே வைத்திருந்தேன். ஏறவில்லை. நேரம் போகப் போக என் கையைவிடக் கேன் குளிர்ந்தது. அடங்கிவிட்டது. குடிக்கக் கூடாதே தவிர, இனி அதைத் தலைக்கு வைத்துப் படுக்கலாம்.

எழுந்து போய்விடலாம் என்று முதல் முறையாகத் தோன்றியது. அப்போதுதான் பின்னால் பார்த்தேன். காலனியின் வாசல்களில் பெண்கள் நின்றார்கள். இடுப்பில் குழந்தை, தலையில் மூட்டை. போக வேறு வழியில்லாமல் நின்றார்கள். முன்னால், கரையின் அந்தக் கோடியில், ஓடினவர்கள் மரத்தடியில் கூடி நின்றார்கள். ஆள் சேர்ந்திருந்தது. கழிகள் சேர்ந்திருந்தன.

வேடியப்பன் கிழிந்த உதட்டோடு கரையேறி வந்தார். நான் கைகாட்டி நிறுத்தினேன். அவர் நிற்கவில்லை. வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.

அந்தக் கோடியிலிருந்து தீனதயாளன் கத்தினான். குரலில் அக்கா போய்விட்டிருந்தது.

"ஏய்! இன்னும் வெடிக்குமா அது?"

நான் ஆராய்ச்சிக்காரி. எத்தனையோ வருஷம் உழைத்த சோதனை தோற்றபோதும், தோற்றது என்றே எழுதியவள். கேட்ட கேள்விக்குத் தவறான முடிவை நான் சொன்னதே கிடையாது. கேனைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

"வெடிக்கும்," என்று கத்தினேன். "பக்கத்துல வந்தா வெடிக்கும்."

கூட்டம் நின்ற இடத்திலேயே நின்றது. வேடியப்பன் முகம் வெளுத்தது. அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லலாம் என்றால், அவர் முகம் மாறுவதை அந்தப் பக்கமிருந்து பார்த்துவிடுவார்கள். சொல்லவில்லை. அவர் ஒரு தடவை கேனைப் பார்த்தார், ஒரு தடவை காலனியைப் பார்த்தார். அப்புறம் துண்டை உதறிப் போட்டுக் கேனின் அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

பிறகு இதற்காக என்மேல் வழக்கு வந்தது, விசாரணை வந்தது, தண்ணி ஜவ்வரிசி வெள்ளிமலை ஏற இரண்டு வருஷம் தள்ளிப்போனது. அதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் கேன் குளிர்ந்துவிட்டது என்பதும், அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதும்தான். சொன்ன நாளுக்கு முன்பே மறியல் தொடங்கிவிட்ட அந்த நாளில், ஏரிக்கரைப் பாதைக்குக் குறுக்கே கேனை வைத்து, போலீஸ் லாரி வரும்வரை நானும் உட்கார்ந்திருந்தேன். பயத்தில் பல் கிட்டிப்போயிருந்தது. யாரும் அந்தப் பாதையில் வரவில்லை.